கடைமடையில் நின்று பேசுங்கள்

நாடாளுமன்றத் தேர்தலைப் பற்றிப் பேச நம் நாட்டில் ஆயிரம் மேடைகள் உண்டு. சட்டமன்றத் தேர்தலைப் பற்றிப் பேச ஒவ்வொரு தேநீர்க் கடையும் மேடைதான். ஒரு வாய்க்காலுக்கு நடக்கும் தேர்தலைப் பற்றி யார் பேசுகிறார்கள்? ஒரு ஏரிக்கு நடக்கும் தேர்தலைப் பற்றி எந்தப் பத்திரிகை தலைப்புச் செய்தி போடுகிறது? நம் தட்டில் விழும் சோற்றோடு இந்தத் தேர்தலுக்கு உள்ள நெருக்கம் வேறு எந்தத் தேர்தலுக்கும் இல்லை. ஆகவே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்: தண்ணீரை நிர்வகிக்க மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் யாருக்காக நிற்க வேண்டும்? அவர் கடமையைச் செய்தாரா இல்லையா என்பதை எதைக் கொண்டு அளப்பது?

முதலில் அந்தப் பதவி என்னவென்று பார்ப்போம். தமிழ்நாட்டில் 2000-ஆம் ஆண்டின் விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டம் இதற்கு அடித்தளம். ஆந்திரம் 1997-இலேயே இப்படி ஒரு சட்டம் இயற்றி, மாநிலம் முழுவதும் 10,000-க்கும் மேற்பட்ட சங்கங்களுக்குத் தேர்தல் நடத்திக் காட்டியது. நம் சட்டத்தின்படி வாய்க்கால் அளவில் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம், அதற்கு மேலே பகிர்மானக் குழு, அதற்கும் மேலே திட்டக் குழு என்று படிப்படியாக அமைப்பு செல்கிறது. சங்கத்தின் ஆயக்கட்டை, அதாவது பாசனம் பெறும் நிலப்பரப்பை, தொகுதிகளாகப் பிரித்து, தொகுதிக்கு ஓர் உறுப்பினர், சங்கத்துக்கு ஒரு தலைவர் என்று ஆயக்கட்டுதாரர்களே வாக்களிக்கிறார்கள். பருவத்துக்குப் பருவம் நீர்ப் பங்கீட்டுக்குத் திட்டம் போடுவது, வாய்க்காலைப் பராமரிப்பது, ஆயக்கட்டுதாரர் பதிவேட்டை வைத்திருப்பது, தகராறுகளைத் தீர்ப்பது, வரவு செலவுக் கணக்கைப் பொதுக்குழுவின் முன் வைப்பது ஆகியவை அவர்களின் வேலை. ஏட்டில் பார்த்தால் வேலைகள் பல. என் வாதமோ ஒன்றுதான். இத்தனை வேலைகளும் சரியாக நடந்தனவா என்பதற்கு ஒரே ஒரு சாட்சி உண்டு. அந்தச் சாட்சி கடைமடை. கடைசி மதகின் கடைசி வயலுக்கு உரிய நாளில் உரிய தண்ணீர் போய்ச் சேர்ந்ததா? போய்ச் சேர்ந்திருந்தால் அந்த உறுப்பினர் தன் கடமையைச் செய்தார். சேராவிட்டால், அவர் எத்தனை கூட்டம் கூட்டியிருந்தாலும், எத்தனை தீர்மானம் போட்டிருந்தாலும், கடமை மீதி நிற்கிறது.

ஏன் கடைமடையை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? தண்ணீரின் வழியைக் கொஞ்சம் பின்தொடர்ந்து பாருங்கள். மேட்டூர் அணையின் முழு அளவு 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஜூன் 12-ஆம் தேதி மதகு திறந்தால் சில நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வரும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்கு வழி பிரியும். அதன் பிறகு ஆறு கிளையாறாகி, கிளையாறு வாய்க்காலாகி, பெரிய ஏ, பி வாய்க்கால்கள் சிறிய சி, டி வாய்க்கால்களாகி, கீழையூருக்கும் தலைஞாயிறுக்கும் வேதாரண்யத்துக்கும் போய்ச் சேருவதற்குள் அந்தத் தண்ணீருக்கு எத்தனை தடை! மணல் மேடிட்ட இடம் ஒன்று. வெங்காயத் தாமரை மூடிய இடம் ஒன்று. நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டிய கரை ஒன்று. துருப்பிடித்து இறங்காத ஷட்டர் ஒன்று. கரையை வெட்டி வைத்த குழாய் ஒன்று. ஆக்கிரமித்துக் கட்டிய சுவர் ஒன்று. இவற்றில் எது இருந்தாலும் தலைமடைக்காரருக்குக் குறை தெரியாது. நடுமடைக்காரருக்குப் பாதி தெரியும். முழுக் குறையும் கடைமடையில்தான் வந்து தெரியும். மேலே நடந்த ஒவ்வொரு அலட்சியமும், ஒவ்வொரு திருட்டும், ஒவ்வொரு போலிப் பட்டியலும் கடைசி வயலின் வெடிப்பில் எழுதப்பட்டுவிடுகிறது. அதை யாராலும் திருத்தி எழுத முடியாது.

இன்னொரு கொடுமையும் உண்டு. கடைமடைக்குக் குறுவையில் தண்ணீர் கடைசியாக வருகிறது. ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் முதலில் வருகிறது. மேலே உள்ள அத்தனை வயல்களின் வடிகாலும் அங்கேதான் இறங்கிக் கடலுக்குப் போக வேண்டும். வடிகால் தூர்ந்திருந்தால் கதிர் தண்ணீருக்குள் முளைக்கும். 2023-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். ஜூன் 12-இல் வழக்கம்போல மேட்டூர் திறந்தது. கர்நாடகத்திலிருந்து வர வேண்டிய தண்ணீர் வரவில்லை. அக்டோபர் 10-இல் அணையை மூட வேண்டியதாயிற்று. கருகிய குறுவைக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. மாநிலங்களுக்கு இடையிலான வழக்கில் ஒரு வாய்க்கால் சங்கத் தலைவர் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். உண்மைதான், வந்த தண்ணீரின் அளவை அவரால் கூட்ட முடியாது. வந்த தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சும் பொறுப்பு மட்டும் அவருடையது. தண்ணீர் பெருகி ஓடும் ஆண்டில் சங்கம் தூங்கினாலும் வயல் நனையும். பற்றாக்குறை ஆண்டில்தான் தேர்ந்தெடுக்கப்பட்டவரின் நேர்மை தேவைப்படுகிறது.

காவிரிக்கு வெளியிலும் கதை இதுதான். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில் திருமூர்த்தி அணைப் பாசனம் நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு மண்டலத்துக்கு முறை வந்தால் மற்ற மூன்றும் காத்திருக்க வேண்டும். வெள்ளகோவில், காங்கேயம் பகுதிகள் அந்தக் கால்வாயின் கடைமடை. அந்த விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்திருக்கிறார்கள், மறியல் செய்திருக்கிறார்கள், நீதிமன்றப் படி ஏறியிருக்கிறார்கள். எதற்காக? தங்களுக்கு ஏட்டில் ஒதுக்கிய தண்ணீரைத்தான் கேட்டார்கள். கால்வாய் ஓரத்தில் கிணறு தோண்டி, மோட்டார் வைத்து, குழாய் போட்டு மைல் கணக்கில் தண்ணீரைக் கொண்டுபோகும் கைகளைத் தடுக்க வேண்டும் என்றுதான் கேட்டார்கள். இங்கே பகை பக்கத்து மாநிலம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பறிப்பவரும் பறிகொடுப்பவரும் ஒரே கால்வாயின் ஆயக்கட்டுதாரர்கள். ஒரே தேர்தலின் வாக்காளர்கள்.

இந்த இடத்தில் ஒரு கூர்மையான மறுப்பு எழும். அதை மழுப்பாமல் எடுத்துக்கொள்கிறேன். "ஐயா, வாக்கு என்பது எண்ணிக்கை. தலைமடையிலும் நடுமடையிலும் ஆள் அதிகம், கடைமடையில் குறைவு. மேலே இருப்பவர்கள் வாக்களித்து ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் அவர் மேலே இருப்பவர்களுக்குத்தானே நிற்பார்? அப்படியானால் தேர்தலே கடைமடைக்கு எமன் ஆகிவிடாதா?" நல்ல கேள்வி. இதற்கு அனுபவத்திலிருந்தும் ஆய்விலிருந்தும் விடை இருக்கிறது. ராபர்ட் வேட் என்ற அறிஞர் ஆந்திரத்தின் கால்வாய்ப் பாசனக் கிராமங்களில் தங்கி ஆராய்ந்து 1988-இல் ஒரு நூல் வெளியிட்டார். எந்தக் கிராமங்களில் ஊர்ச் சபை வலுவாக இருந்தது? எந்தக் கிராமங்கள் பொதுப் பணத்தில் நீர்ப்பாய்ச்சிகளையும் பயிர்க் காவலரையும் அமர்த்தியிருந்தன? கால்வாயின் கடைப்பகுதியில் இருந்த கிராமங்கள்தான் என்று அவர் கண்டார். தண்ணீர் தாராளமாகக் கிடைத்த தலைப்பகுதிக் கிராமங்களுக்குச் சபையே தேவைப்படவில்லை. கூடி முடிவெடுக்கும் பழக்கத்தைப் பற்றாக்குறைதான் கற்றுக்கொடுக்கிறது. அந்தக் கல்வி முதலில் கிடைப்பது கடைமடைக்கு. ஆகவே சங்கத்தின் உயிர்ப்பை மேலிருந்து எதிர்பார்க்காதீர்கள். கீழிருந்து எழுப்புங்கள்.

எலினோர் ஆஸ்ட்ரம் அம்மையாரை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். பொதுச் சொத்துகளை மக்களே ஆளும் முறையை ஆராய்ந்ததற்காக 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர். அவரும் ராய் கார்ட்னரும் நேபாளத்துப் பாசன அமைப்புகளை ஆராய்ந்து 1993-இல் எழுதிய கட்டுரையில் நமக்கு நேராகப் பொருந்தும் ஓர் உண்மை இருக்கிறது. விவசாயிகளே கட்டி, விவசாயிகளே நடத்தும் பழைய அமைப்புகளில் கல்லும் கிளையும் கொண்டு கட்டிய அணை ஒவ்வோர் ஆண்டும் உடையும். அதைத் திரும்பக் கட்ட எல்லோருடைய உழைப்பும் வேண்டும். கடைமடைக்காரர் மண்வெட்டியோடு வராவிட்டால் தலைமடைக்கும் தண்ணீர் இல்லை. அதனால் தலைமடைக்காரர் கடைமடைக்காரரை மதித்தார். தண்ணீர் பங்காகப் போயிற்று. அதே இடத்தில் வெளியார் பணத்தில் சிமெண்டு அணை கட்டிக்கொடுத்தால் என்ன ஆகும்? அணை உடையாது. கடைமடைக்காரரின் உழைப்பு தேவைப்படாது. உழைப்பு தேவைப்படாதபோது அவருடைய சொல்லுக்கும் மதிப்பு போய்விடும். எவ்வளவு பெரிய பாடம்! நல்ல கட்டுமானமே பலவீனரின் பேரத்தைப் பறித்துவிடக்கூடும். கான்கிரீட்டை எதிர்த்து நான் பேசவில்லை. கான்கிரீட் வரும் இடத்தில், முன்பு மண்வெட்டி கொடுத்த உரிமையைச் சட்டமும் தேர்தலும் விதியும் திரும்பக் கொடுக்க வேண்டும் என்கிறேன். தொகுதிவாரிப் பிரதிநிதித்துவம் அதற்காகத்தான் இருக்கிறது. கடைமடைத் தொகுதிக்கு ஓர் இருக்கை நிச்சயம். அந்த இருக்கையில் அமர்பவர் வாய் திறக்க வேண்டும். மற்ற இருக்கைகள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அடுத்த மறுப்பு: "தண்ணீர் என்பது பொறியியல். கன அடி கணக்கும் ஷட்டர் மட்டமும் தெரியாத தேர்தல் ஆட்களுக்கு இதில் என்ன வேலை? பொறியாளரிடம் விட்டுவிடுங்கள்." பொறியாளரின் அறிவை நான் மதிக்கிறேன். இந்த மதகில் நொடிக்கு இத்தனை கன அடி விட்டால் இத்தனை ஏக்கர் பாயும் என்று அவர் சொல்லுவார், சரியாகவே சொல்லுவார். தண்ணீர் பாதிதான் இருக்கிறது, கரும்புக்கா, நெல்லுக்கா? நாற்றங்காலுக்கா, பொதி வந்த பயிருக்கா? இந்த வாரம் கீழ்ப்பங்கும் அடுத்த வாரம் மேல்பங்குமா, அல்லது முறை மாறியா? இவற்றுக்குச் சூத்திரம் கிடையாது. இவை நியாயத்தைப் பற்றிய கேள்விகள். நியாயத்தைப் பாதிக்கப்படுகிறவர்களின் முன்னால், அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்தான் தீர்மானிக்க வேண்டும். இதை நம் ஊர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தன. நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, மடையர், கம்புகட்டி என்று ஊருக்கு ஒரு பெயரில் ஏரிநீரைப் பங்கிட்டவர்கள் இருந்தார்கள். பல ஊர்களில் அவர்கள் நிலமில்லாத ஒடுக்கப்பட்ட சமூகத்தவர்கள். சொந்த வயல் இல்லாதவர் யாருக்கும் கூட்டிவிடவும் மாட்டார், குறைத்துவிடவும் மாட்டார் என்று நம்பி மடையை அவர் கையில் கொடுத்தார்கள். அந்த நம்பிக்கைக்குள் ஒரு பெரிய அநீதியும் இருந்தது. தண்ணீரைப் பங்கிட்ட கைக்கு நிலத்தில் பங்கில்லை. அறுவடையில் அளந்து போட்ட நெல்தான் கூலி. ஆயினும் ஒரு விதி அதில் தெளிவாகத் தெரிகிறது: பங்கிடுபவருக்குப் பங்கில் சொந்த லாபம் இருக்கக் கூடாது. இன்றைய சங்க உறுப்பினருக்குச் சொந்த வயல் இருக்கிறது. அப்படியானால் தன் வயலுக்கான முறையைத் தானே முடிவு செய்யும்போது அவர் எழுந்து விலகி நிற்க வேண்டாமா?

மூன்றாவது மறுப்பு, தேர்தல் வந்தால் சாதியும் கட்சியும் வாய்க்காலுக்குள் இறங்கிவிடும் என்பது. இறங்கத்தான் செய்கிறது, மறைப்பதில் பயனில்லை. தேர்தல் இல்லாவிட்டால் அவை இறங்காதா? நியமனத்தில் சாதி இல்லையா? ஒப்பந்தத்தில் கட்சி இல்லையா? இந்த ஆபத்தை நம் முன்னோர் நன்றாக அறிந்திருந்தார்கள். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, இன்றும் இருக்கின்றன. ஊரை 30 குடும்புகளாக, அதாவது தொகுதிகளாக, பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு, ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். பதவிக் காலம் 360 நாள். 35 வயதுக்குக் குறைந்தவரும் 70 வயதுக்கு மேற்பட்டவரும் கூடாது. கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கு மறுபடி இடமில்லை. குற்றம் செய்தவர் அப்போதே நீக்கப்படுவார். எல்லாவற்றிலும் என் நெஞ்சைத் தொட்ட விதி ஒன்று: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வரக் கூடாது, அவர் உறவினரும் வரக் கூடாது. அந்த ஊர்ச் சபையின் காலத்தைப் பொற்காலம் என்று கொண்டாட நான் வரவில்லை. அது நிலமுள்ள பிராமணர்களின் சபை; உழுதவருக்கும் பெண்களுக்கும் அங்கே ஓலை இல்லை. அந்தக் குறையோடு கூடவே, கணக்குக் காட்டாத கைக்குத் தண்ணீரைக் கொடுக்கக் கூடாது என்ற தெளிவு 1,100 ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. இன்றைய நம் சங்கங்களில் எத்தனை, ஆண்டுக் கணக்கைப் பொதுக்குழுவில் வாசிக்கின்றன? வாசிக்காதவர் அடுத்த தேர்தலில் நிற்காமல் தடுக்க நாம் என்ன செய்திருக்கிறோம்?

கடைசி மறுப்புதான் எல்லாவற்றிலும் கனமானது. "சங்கத்திடம் பணமில்லை. ஷட்டர் சாவி துறையிடம் இருக்கிறது. ஆக்கிரமிப்பை அகற்றும் அதிகாரம் வருவாய்த் துறையிடம் இருக்கிறது. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறைக்கு, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கு. நடுவே சங்கத் தலைவர் கையில் என்ன இருக்கிறது?" இந்தக் குறை உண்மை, நான் மறுக்க மாட்டேன். தண்ணீர் மன்றத்துக்குப் பணமும் அதிகாரமும் கொடுத்த ஒரு நாட்டைப் பாருங்கள். நெதர்லாந்தின் ஏறத்தாழ நான்கில் ஒரு பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அங்கே தண்ணீருக்கென்றே 21 தனி ஆட்சி மன்றங்கள். அவற்றுக்குத் தனித் தேர்தல், தனி வரி, 1954-இல் தொடங்கிய தனி வங்கி. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் வாக்களிக்கிறார்கள். தண்ணீரால் நன்மையோ தீமையோ அடைகிறவர் வரி கொடுப்பார், வரி கொடுப்பவருக்கு வாக்கு உண்டு என்பது அங்கே பல நூற்றாண்டுப் பழக்கம். 1953 வெள்ளத்தில் 1,836 பேரைப் பறிகொடுத்த பிறகும் அவர்கள் அந்த மன்றங்களைக் கலைத்துவிடவில்லை. சின்னஞ்சிறு மன்றங்களை ஒன்றோடு ஒன்று இணைத்து, வலுப்படுத்தி வைத்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் 2017-இல் குடிமராமத்துத் திட்டம் மீண்டும் வந்தபோது, ஆயக்கட்டுதாரர்கள் பத்தில் ஒரு பங்கை உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தர வேண்டும், வேலையை அவர்களே எடுத்துச் செய்ய வேண்டும் என்று விதித்தார்கள். நல்ல விதி. சில இடங்களில் சங்கத்தின் பெயரை முன்னால் வைத்து ஒப்பந்ததாரர் பின்னால் வேலை செய்தார் என்ற புகாரும் எழுந்தது. ஏன்? தண்ணீர்த் தீர்வையில் நிரந்தரமான பங்கு சங்கத்துக்கு வந்து சேராதவரை, திட்டம் வரும்போது விழித்து, திட்டம் முடிந்ததும் உறங்கும் அமைப்பாகத்தான் அது இருக்கும். எனவே அதிகாரம் இல்லை என்று சொல்லி வீட்டுக்குப் போகிறவரை நான் ஏற்க மாட்டேன். அதிகாரத்தைக் கேட்டுப் பெறுவதும் தேர்ந்தெடுக்கப்பட்டவரின் வேலைதான்.

யாருடைய குரல் இந்தச் சபைகளில் இன்னும் ஒலிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பாசன சங்க வாக்கு நிலத்தோடு கட்டப்பட்டது. 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெண்கள் பெயரில் நடக்கும் சாகுபடிப் பண்ணைகள் ஏறத்தாழ 14 விழுக்காடுதான். நாற்று நடுகிறவர், களை எடுக்கிறவர், இரவில் மடை மாற்றப் போகிறவர் எல்லாம் பெண்ணாக இருந்தாலும் பட்டா கணவர் பெயரில், அல்லது மாமனார் பெயரில். வாய்மொழிக் குத்தகைக்கு உழுகிறவருக்கும் இதே நிலை. குடிநீரில் கொஞ்சம் முன்னேறியிருக்கிறோம். ஜல் ஜீவன் திட்டத்தின் கிராமக் குடிநீர்க் குழுக்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அங்கேயும் கடைமடை உண்டு. மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாயில் நடுவழியில் நான்கு வீட்டுக்காரர் மோட்டார் வைத்து உறிஞ்சினால், தெருவின் கடைசிக் குழாயில் காற்றுதான் வரும். அந்தக் கடைசிக் குழாய் பெரும்பாலும் எந்தக் குடியிருப்பில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம் நான் வேண்டுவது இதுதான். மதகு திறந்த நாளையும், கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டிய நாளையும் ஊர்ப் பொது இடத்துப் பலகையில் எழுதி வையுங்கள். முறைப் பட்டியலை யாரும் படிக்கும்படி ஒட்டுங்கள். சங்கக் கூட்டத்தை ஆண்டுக்கு ஒரு முறையாவது கடைமடைத் தொகுதியில் கூட்டுங்கள். தலைமடைக்காரர்கள் அவ்வளவு தூரம் நடந்து வந்து, வழியெல்லாம் வாய்க்காலைப் பார்க்கட்டும். கணக்கை வாசியுங்கள். மக்களிடம் நான் வேண்டுவது இன்னும் எளிது. அடுத்த சங்கத் தேர்தலில் வாக்குக் கேட்டு வருகிறவரிடம் அவர் எந்தச் சாதி, எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். போன பருவத்தில் கடைமடைக்குத் தண்ணீர் எந்தத் தேதியில் வந்தது என்று கேளுங்கள். தேதி சொல்லத் தெரிந்தவருக்கு வாக்களியுங்கள்.